ஆர்லிஸின் பரவாயில்லை

எங்கள் பக்கத்தில் ஒருவர் கூரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு கிடந்தாலும், எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் புலம்பல் பேர்வழி என்று முத்திரை குத்திவிடுவார்கள். அமெரிக்காவின் மேற்கு விஸ்கான்சின் மலை இடுக்குகளில் மாடு வைத்துப் பிழைக்கும் நார்வேக்காரர் பரம்பரை. வலியை வெளியே சொல்வது இவர்களுக்கு உள்பாவாடையோடு கோயிலுக்குப் போவது மாதிரி. இதில் பெருமை வேறு. ஆர்லிஸ் ஹாகெஸ்டாட் தன் வலது முட்டியைத் தொலைக்கவிருந்ததே இந்தப் பாழாய்ப்போன பெருமையால்தான்.

அவள் கல்யாணமாகி அந்தப் பண்ணைக்கு வந்த நாள் முதல் காலையும் மாலையும் மாட்டுக் கொட்டகையில் குந்தி எழுந்தவள். பழைய காலத்துக் கொட்டகை. ஒவ்வொரு மாட்டின் பக்கத்திலும் குந்தி, மடியைத் துடைத்து, கறவை எந்திரத்தை மாட்டிவிட்டு எழ வேண்டும். அவளும் புருஷன் வெர்லினும் ஆளுக்கொரு வரிசை. வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

போன கோடையில் வேலியோரம் பழம் பறிக்கப் போனபோது முட்டிக்குப் பின்னால் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டு மறந்துபோனாள். கிறிஸ்துமஸ் வாக்கில் முட்டி பூசணிப் பிஞ்சு அளவுக்கு வீங்கியது. வெர்லின்தான் வற்புறுத்தி ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"முட்டி எப்படி இருக்கு ஆர்லிஸ்?" என்றார் டாக்டர், நாற்காலியை விட்டு எழாமல்.

"பரவாயில்ல டாக்டர்."

அவரும் அதையே எழுதிக்கொண்டார். ஆர்லிஸ் கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோடைல ஒரு உண்ணி கடிச்சுது. அதனால இருக்குமோ?"

"செவப்பா வளையம் மாதிரி வந்துச்சா?"

"முட்டிக்குப் பின்னால நான் எங்க போய்ப் பாக்கறது?"

"வளையம் இல்லன்னா அது இருக்காது. அம்பத்தெட்டு வயசாச்சில்ல. கொஞ்சம் எடையக் குறைங்க."

அந்த மருத்துவமனை வாசலிலேயே மான்கள் வந்து புல் மேய்கின்றன. மான் இருக்கும் இடத்தில் உண்ணி இருக்கும், உண்ணி இருக்கும் இடத்தில் லைம் நோய் இருக்கும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வளையம் எல்லோருக்கும் வருவதில்லை என்பதும் தெரியும். ஒரு சின்னக் குப்பி ரத்தம் எடுக்க அந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆர்லிஸும் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

பனி உருகும்போது அவளால் குந்தவே முடியவில்லை. குந்தினால் எழ முடியவில்லை. வெர்லின் இரண்டு வரிசையையும் ஒருவனாகக் கறந்தான். முடியுதா என்று அவள் கேட்டால் "பரவாயில்ல" என்பான். கடைசியில் பக்கத்து ஊரில் மெரிடித் என்ற, மருந்து எழுதிக் கொடுக்கவும் உரிமையுள்ள மருத்துவத் தாதிதான் ரத்தம் எடுத்துப் பார்த்து, லைம் நோய் மூட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்று சொன்னாள். டாக்ஸிசைக்கிளின் மாத்திரை, காலையும் மாலையும், ஒரு மாதம். சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், வெயிலில் நிற்கக் கூடாது என்றாள்.

மாத்திரை உள்ளே போன அரை மணியில் குமட்டல் அடிவயிற்றிலிருந்து கிளம்பும். வாயில் பழைய காசைச் சப்பியது போல ஒரு ருசி. முதல் சில நாள் உடம்பின் அத்தனை மூட்டும் சேர்ந்து வலித்தது. குமட்டலுக்கு ஆர்லிஸ் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். பால். அந்த வீட்டில் தலைவலி மாத்திரையிலிருந்து எதை விழுங்கினாலும் பாலோடுதான். வயிறு சரியில்லையா, பால். தூக்கம் வரவில்லையா, பால். மாத்திரையைப் பாலோடு முழுங்கி, குமட்டினால் மேலும் ஒரு கிளாஸ் குடித்தாள். புட்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை அவள் படிக்கவில்லை. பாலுக்கு எதிராக யார் எச்சரிக்கை எழுதப் போகிறார்கள்?

நடுவில் மெரிடித் ஃபோனில் கேட்டாள். "மாத்திர ஒத்துக்குதா?"

"பரவாயில்ல," என்றாள் ஆர்லிஸ்.

மாதம் முடிந்தது. முட்டி அப்படியே இருந்தது. மெரிடித் அதை அழுத்திப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"மாத்திரைய எதோட முழுங்கினீங்க?"

"பாலோடதான். வேற எதோட?"

மெரிடித் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "பால்ல இருக்கற சுண்ணாம்புச் சத்து மருந்தப் பிடிச்சு வச்சுக்கும். உடம்புக்குச் சரியாப் போகாது. குமட்டல் இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

ஆர்லிஸ் தரையைப் பார்த்தாள். "தினம் வாந்திதான்."

"இத ஏன் ஃபோன்ல சொல்லல?"

"நீங்க வேலையா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

மெரிடித்துக்கு வந்த கோபம் நியாயமான கோபம். ஆனால் அவள் திட்டவில்லை. மறுபடி முதலிலிருந்து ஒரு மாதம் என்றாள். தண்ணீரோடு, காய்ந்த ரொட்டியோடு, அதன் பிறகு ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. பால் மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கிட்டே வரக் கூடாது. இதற்கும் அடங்காவிட்டால் நரம்பில் ஊசி. மூட்டு ஒருமுறை கெட்டால் கெட்டதுதான்.

அன்று வண்டியில் திரும்பும்போது வெர்லின் சாலையைப் பார்த்தபடி சொன்னான். "இலை உதிரறதுக்குள்ள நீ கொட்டகைக்கு வரலன்னா மாடுகள வித்துடலாம்." அவன் சும்மா பேசுகிறவன் இல்லை. ஆர்லிஸுக்கு அந்த மாடுகள் ஒவ்வொன்றின் தாயையும் பாட்டியையும் தெரியும்.

ஆக, இந்த மாத்திரைகள் வயிற்றில் தங்கியாக வேண்டும். தினமும் காலையில் சமையலறை நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். இஞ்சியை மென்று பார்த்தாள், ஆப்பிள் கூழ் தின்று பார்த்தாள், ஜன்னல் வழியே ஒரே மரத்தைப் பார்த்துப் பார்த்தாள். ஒரு நாள் குமட்டல் தொண்டைக்கு வந்த நேரத்தில் அந்த ஊர் டாக்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சம் எடையக் குறைங்க. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சொல்லாததையெல்லாம் மனசுக்குள் அவரிடம் சொன்னாள். சொல்லி முடித்தபோது குமட்டல் கீழே இறங்கியிருந்தது.

அதுதான் மருந்து என்று தெரிந்துபோயிற்று. அறுபது வயதை எட்டப்போகும்வரை கோபமே படாதவள் தினம் இரண்டு வேளை கோபத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

வெர்லின் வாசலில் நின்று பார்ப்பான். "யாரோட சண்ட?"

"டாக்டரோட."

"யாரு ஜெயிக்கறா?"

"இன்னும் முடியல."

இந்த நிலைமையில்தான் ஜூன் மாதப் பால் விருந்து வந்தது. வருஷத்துக்கு ஒரு பண்ணையில் மாவட்டமே கூடி பான்கேக்கும் சாசேஜும் சாப்பிடும். இந்த வருஷம் ஹாகெஸ்டாட் பண்ணை என்று முன்பே முடிவாகியிருந்தது. பண்ணைக்காரி வைக்கோல் வண்டிமேல் ஏறி முதல் கிளாஸ் பாலைக் குடிக்க வேண்டும், அப்புறம்தான் விருந்து. காலை எட்டு மணிக்கு. அவள் மாத்திரை ஏழு மணிக்கு.

விருந்துக் கமிட்டித் தலைவர் கிளெண்டன் ஓவர்பி கேட்டார். "ஒரு கிளாஸ்தான ஆர்லிஸ்? பால்காரியே பால் குடிக்கலன்னா ஜனங்க என்ன நெனப்பாங்க? மாத்திரைய அப்பறமாப் போட்டுக்கயேன்."

அப்புறமாகப் போட்டால் சாசேஜ் புகைக்கும் கூட்டத்துக்கும் நடுவே யார் ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்காருவது? இதைச் சொல்ல வாயெடுத்து, வழக்கம் போல, "பாக்கலாம்," என்று முடித்துவிட்டாள்.

அன்று காலை ஏழு மணிக்கு மாத்திரையை முழுங்கினாள். எட்டு மணிக்கு அகலத் தொப்பியோடு கைத்தடி ஊன்றி வண்டிமேல் ஏறினாள். ஏறுவதற்குள் பத்துப் பேர் அவளிடம், "பாத்தா நல்லாத்தான இருக்க," என்றார்கள். கொட்டகைக்குப் போகும் வழியில் பட்ட வெயிலுக்கே அவள் மூக்கும் கையும் வெந்து சிவந்திருந்தன, மருந்து அப்படி. ஒருத்தி அதைப் பார்த்து, "கடற்கரைக்குப் போயிட்டு வந்தியா, கொடுத்து வச்சவ," என்றாள். சாசேஜ் புகை வண்டிப் பக்கமாக வந்தது. கிளெண்டன் ஒரு கையில் நிறைந்த பால் கிளாஸும் மறு கையில் மைக்குமாக நின்றார்.

"ஆர்லிஸ், எப்படி இருக்க?"

அத்தனை முகமும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தது. அது அவள் பல்லுக்குப் பின்னால்தான் இருந்தது. அதற்குப் பின்னாலேயே குமட்டலும் நின்றது. வாயைத் திறந்தால் இரண்டில் ஒன்று வரும் என்று பட்டது.

"நல்லா இல்ல," என்றாள்.

கிளெண்டன் சிரித்தார். "ஆர்லிஸுக்கு எப்பவும் தமாஷ்."

"தமாஷ் இல்ல கிளெண்டன். மைக்க இப்படிக் குடு." மைக்கை வாங்கினாள். "என் முட்டிக்குள்ள ராத்திரியெல்லாம் யாரோ திருகாணியப் போட்டு முறுக்கற மாதிரி இருக்கு. தினம் ரெண்டு வேள வாந்திய அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். உண்ணி கடிச்சுதுன்னு சொன்னேன், குண்டா இருக்கன்னு சொல்லி அனுப்பினாங்க. அவங்கள மட்டும் சொல்லி என்ன? வலிய மறைச்சு மறைச்சு நானே அரை வருஷத்தத் தொலைச்சேன். அந்தப் பால் நல்ல பால், என் மாட்டுப் பால். இப்ப குடிச்சா மருந்து வேல செய்யாது, குடிக்க மாட்டேன். நீங்க குடிங்க. குடிச்சிட்டு, உங்க பிள்ளைங்க காதுக்குப் பின்னால உண்ணி இருக்கான்னு பாருங்க. உங்க வண்டியெல்லாம் நிக்கறது வெட்டாத புல்லுல."

யாரும் கை தட்டவில்லை. எங்கள் பக்கத்தில் தட்ட மாட்டார்கள். கொட்டகையில் ஒரு மாடு கத்தியது. கிளெண்டன் என்ன செய்வதென்று தெரியாமல் பாலைத் தானே குடித்தார். அப்புறம் எல்லோரும் ஒன்றும் நடக்காதது போலப் பான்கேக்குக்கு வரிசையில் நின்றார்கள், ஆனால் பிள்ளைகளின் தலைமயிரை விலக்கிப் பார்த்தபடி நின்றார்கள். ஆர்லிஸ் கைத்தடியோடு இறங்கி வீட்டுக்குப் போனாள். காலை மாத்திரை அசையாமல் உள்ளே இருந்தது.

சாயங்காலம் கூட்டமெல்லாம் போன பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வெர்லின் கறந்துகொண்டிருந்தான். அவன் எந்திரத்தை இடது கையால் மட்டுமே தூக்குவதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது.

"ஆர்லிஸ்," என்றான், மாட்டைப் பார்த்தபடி.

"என்ன?"

"தோள்பட்ட வலிக்குது."

"எப்பலேருந்து?"

"போன வருஷம் வைக்கோல் கட்டுத் தூக்கினதுலேருந்து. கைய மேல தூக்க முடியல."

"எவ்வளவு வலி?"

வெர்லின் வாயைத் திறந்தான். வழக்கமான வார்த்தை பாதி வந்தது. அதை முழுங்கிவிட்டு மாட்டின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

"தாங்க முடியல," என்றான்.

ஒரு வருஷம். ஒற்றைக் கையால், இரண்டு வேளையும், பனி உருகியதிலிருந்து அவளுடைய வரிசையையும் சேர்த்து. டாக்டர் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அவளுக்குள் கிளம்பியது.

"திங்கக்கிழம மெரிடித்துகிட்ட ரெண்டு பேரும் போறோம்," என்றாள். "இப்ப கறந்து முடிச்சிட்டு வீட்டுக்கு வா. நான் ராத்திரி மாத்திரையப் போட்டுட்டு நிமிந்து உக்காரணும். நீ எதிர்ல வந்து உக்காரு. இன்னிக்கு டாக்டர் வேணாம், ஒரு மணி நேரமும் உன்னத்தான் திட்டப் போறேன்."