முழங்கை உயரம்

தட்டில் குவித்திருக்கும் உசிப்பாவில் ஒன்றை எடுத்து, தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, கடைவாயில் வைத்துக் கடிக்கிறார் தவோங்கா கோண்ட்வே. விரல் நீளம்கூட இல்லாத ஏரிக் கருவாடு. கண்ணை மூடிக்கொள்கிறார். நறநற என்கிறது. மணல். கண்ணைத் திறந்து அடுத்த தட்டுக்கு நகர்கிறார். வாங்குவது கிடையாது.

ஏரிக்கரை ஊரான மங்கோச்சியின் சந்தைக் கருவாட்டுக்காரிகளுக்கு இந்தச் சனிக்கிழமைக் கூத்து பழகிப்போயிற்று. "வந்துட்டாங்கடி டீச்சரம்மா! ருசி பாத்தே வயித்த ரொப்பிட்டுப் போயிடுவாங்க, தட்ட மூடு!" என்று ஒருத்தி கத்துவாள். "அந்த உயரத்துக்கு ஒரு தட்டு எந்த மூலைக்குடி?" என்பாள் இன்னொருத்தி. தவோங்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. மினிபஸ்ஸில் கழுத்தை மடக்கிக்கொண்டே வருவதால், இறங்கியபின் நிமிரவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பல்கலைக்கழகத்தில் மீன்வளப் பாடம் நடத்துகிறார். வயது ஐம்பத்திரண்டு. ஏரிக்கரையில் மீனை வெறும் மணலில் கொட்டிக் காயவைப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்பது வருடங்களுக்கு முன் கழி நட்டு, மேலே வலை விரித்துப் பரண் கட்டிப் பார்த்தார். மீன் பாதி நேரத்தில் காய்ந்தது, மணல் ஒட்டவில்லை, புழு வைக்கவில்லை. கட்டுரை அச்சில் வந்தது. நார்வேயிலிருந்து ஒருவர் பாராட்டி எழுதினார். பாவம், அந்த மனிதர் உசிப்பாவைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார். கண்டவர்கள் யாரும் எழுதவில்லை.

கரையோரக் கிராமங்களில் எட்டுப் பரண்கள் கட்டிக் கொடுத்தார். 'நின்றபடி புரட்ட வசதியாக, முழங்கை உயரம்' என்று துண்டுத்தாளும் அச்சடித்துக் கொடுத்தார். அளவு எடுத்தது தன் முழங்கையில். இரண்டு வருடம் கழித்துப் போனால் எட்டில் ஒன்றையும் காணோம். அடுப்பெரித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். ஊர் திரும்பும்வரை பஸ் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் சந்தையில் கடித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம். மணல் நறநறக்காத ஒரு மீன் கிடைத்தால் போதும், அதைக் காயவைத்த வீடு கிடைத்துவிடும். வருகிற மாதம் அந்த ஆய்வையே இழுத்து மூடப்போகிறார்கள். "ஒரு வீட்டுலயாவது செய்யறாங்களா மேடம்? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, இன்னொரு வருஷம் தள்ளிப் பாக்கலாம்" என்று துறைத் தலைவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். தவோங்காவுக்குப் பொய் வராது. தான் கண்டுபிடித்தது யாரோ ஒருத்தியின் வாசலில் வெயில் காய வேண்டும் என்று அவர் ஏங்கினார். அந்த ஒருத்திக்குத் தன்னையும் தெரிந்திருந்தால் தேவலை என்று அந்த ஏக்கத்துக்குள் இன்னொரு சின்ன ஏக்கம். அதை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம்.

இந்தச் சனிக்கிழமை கடைசித் தட்டில் கடித்தார். நறநறக்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் மணல் இல்லை. மூன்றாவதை மென்றுகொண்டே, "இது எங்க காயவெச்சது?" என்றார்.

"எங்க வீட்டுலதான். ஏன்க்கா, கசக்குதா?" என்றாள் விற்றவள். அசியத்து என்று பெயர். முதுகில் துணியால் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"தட்டுல இருக்கற அத்தனையும் குடு. வீட்டையும் காட்டு."

வீடு தண்ணீர் ஓரத்தில் இருந்தது. பரண் எதுவும் கண்ணில் படவில்லை. முட்டி உயரத்தில் ஒரு நீள பெஞ்சு, அதன் மேல் வலை, வலை நிறைய மீன். இந்த மாதிரி பெஞ்சுகளைத் தவோங்கா கரை நெடுகப் பார்த்திருக்கிறார், வலை உலர்த்தப் போட்டவை என்றே நினைத்திருந்தார். போன வருடம் காலியாகக் கிடந்த ஒன்றின் ஓரக் கழியில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரம் தின்றுவிட்டு, ஒரு பரண்கூட இல்லையே என்று நொந்துகொண்டு எழுந்து போயிருக்கிறார்.

"இத யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"இத வேற சொல்லிக் குடுக்கணுமா? இந்தக் கரையில முக்காவாசி வீட்ல இருக்கே. வண்டிக்காரங்க வாசல்லயே வந்து மீன அள்ளிட்டுப் போயிடுவாங்க, இன்னிக்கு வண்டி வராததாலதான் நான் சந்தைக்கு வந்தேன். மொதமொதல்ல யாரோ யுனிவர்சிட்டிக்காரம்மா கட்டிட்டுப் போனாங்களாம். நல்ல ரோசனதான், ஆனா கிறுக்கு! நம்ம நெஞ்சுக்கு நேரா கட்டி வெச்சிருக்காங்க. எக்கி எக்கிப் பொரட்டினா முதுகுல இருக்கற புள்ள சரிஞ்சு தொங்காதா? குனிஞ்சு பொரட்டினா அது பாட்டுக்குத் தூங்கும். எங்க மாமியாதான் ரம்பத்த எடுத்துட்டு வந்து காலெல்லாம் அறுத்துப்புட்டாங்க. வந்தது பொம்பளையா ஒட்டகச்சிவிங்கியான்னு இன்னிக்கும் சொல்லிச் சொல்லி..."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். பார்வை தவோங்காவின் தோளுக்கு வந்தது, இன்னும் மேலே போயிற்று, தலையைத் தொட்டதும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஐயய்யோ. அது நீங்களாக்கா?"

ஒன்பது வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்த கேள்வி. தவோங்கா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அசியத்து சட்டென்று மணலில் மண்டியிட்டாள். வயதில் மூத்தவர்கள் முன்னால் அந்தப் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான். "மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி."

தவோங்கா கைப்பையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். மீனுக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே, தானும் மண்டியிட்டார்.

"எந்திரிங்க டீச்சரம்மா! பாக்கறவங்க என்னை என்ன சொல்லுவாங்க?"

"ஓரத்துலேர்ந்து பொரட்டணுமா, நடுவுலேர்ந்தா? நீ சொல்லு" என்று கேட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மீனுக்கு மேலே விரித்தபடி தவோங்கா காத்திருந்தார்.