விசாலம் காணாமல் போன மத்தியானம்

2004 மழைக்காலம். அன்று பட்ட பயம் இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை.

நானும் என் மனைவி விசாலமும் புனேயில், விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தோம். நான் ஓய்வு பெற்றவன். ஒரே மகள் அமெரிக்காவில். விசாலத்துக்கு மூன்று வருடமாக மறதி நோய். காய்கறிக்காரர்களிடம் மராத்தியில் பேரம் பேசி வாங்கியவள் அவள். அந்த மராத்தியும் போயிற்று, இந்தியும் போயிற்று. தமிழ் மட்டும் மிஞ்சியது.

அக்கம்பக்கத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்களோ என்ற வெட்கம். நானே குளிப்பாட்டினேன், நானே ஊட்டினேன்.

அன்று மத்தியானம் அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. அவள் இல்லை.

வெளியே கொட்டும் மழை. ஆளந்தி ரோட்டில் ஓயாமல் லாரிகள். வழி கேட்டாலும் அவள் பேச்சு யாருக்குப் புரியும்? மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"முருகா, என்னால தனியா முடியலப்பா."

மூன்று வருடத்தில் அன்றுதான் முதல்முறையாக அப்படிச் சொன்னேன். எங்கிருந்தோ தெம்பு வந்தது. எழுந்துபோய், எல்லாரும் தாயி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் எதிர்வீட்டு சுனந்தாவின் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா முறை வைத்து மராத்தியில் சொன்னார்: "காகா, எங்களுக்கு முன்னாடியே தெரியும். நீங்களா சொல்லட்டும்னுதான் காத்திருந்தோம்."

ஐந்தே நிமிடத்தில் கட்டடமே கீழே இறங்கிவிட்டது. ஸ்கூட்டரிலும் குடையோடு நடந்தும் ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். "முருகா, முருகா" என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தகவல் வந்ததும் ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் விசாலம் நின்றிருந்தாள். செருப்பில்லை, புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பூ விற்கும் பெண் ஒருத்தி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். லாரிக்கு நேரே நடுரோட்டில் இறங்கியவளைப் பிடித்து இழுத்தது அந்தப் பூக்காரிதானாம்.

விசாலம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? எனக்குப் பயமா இருக்கு."

"இதோ வந்துடுவார்மா" என்றேன்.

நோய் குணமாகவில்லை. அப்படிப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சுனந்தா தாயி விசாரித்து, பகலில் கூட இருக்க அனுபவமுள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார். மற்றவர்களும் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள். விசாலம் இன்னும் நான்கு வருடம் இருந்தாள். யாரென்று தெரியாமலே என் கையைப் பிடித்தபடி, அமைதியாகப் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு வாய்மூடித் தவிப்பவர் யாராவது இதைப் படித்தால், முருகனிடம் அழுங்கள். மனிதர்களிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். யார் கையை அவன் அனுப்புவான் என்று நமக்குத் தெரியாது.