கொடி இறங்காத நாள்

என் தம்பி ஓர் அரசு அலுவலகத்தில் பியூன். சுதந்திர தினத்தன்று அங்கே ஏறும் கொடிக்கு இருபத்துநான்கு வருடமாக அவன்தான் முடிச்சுப் போடுகிறான். அதிகாரி கயிற்றை ஒரு தரம் சுண்டினால் கொடி விரிய வேண்டும். ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், சொன்னால் என்ன?

அந்நியர் கொடியை இறக்கிவிட்டு நம் கொடியை முதன்முதலில் ஏற்றியதும் அதே இரும்புக் கம்பத்தில்தானாம். "வெளிய வருஷா வருஷம் பெயின்ட் ஏறுதுக்கா, உள்ள அதே கம்பம்" என்பான்.

ஏற்றிய கொடியை அந்தி சாய்வதற்குள் இறக்க வேண்டும். பாட்டு முடிந்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். இவன் மட்டும் கம்பத்தடியில் காத்திருப்பான். அன்று என் வீட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் கூடிச் சாப்பிடுவோம். மனைவி இறந்து அவன் தனியான பிறகும் அதற்கு வந்ததில்லை. கூப்பிட்டால், "கொடிய யாரு இறக்குவா?" என்பான்.

இந்த வருடம் புது அதிகாரி, கொடி இரவும் பகலும் பறக்கட்டும் என்று விளக்குப் போட்டுவிட்டார்.

"அப்ப மத்தியானம் வந்துடுவேல்ல?" என்று போனில் கேட்டேன்.

"பாக்கலாம்க்கா."

அவனுக்கும் ஒரு தட்டு வைத்தேன். மணி இரண்டரை ஆயிற்று. "மாமா தன்னையும் சேத்து முடிச்சுப் போட்டுக்கிட்டாரோ?" என்றார் மருமகன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அலுவலகம் காலி. நாற்காலிகளைக்கூட அடுக்கியாகிவிட்டது. கம்பத்தடிப் படியில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, இறக்கத்தான் வேணாமே!"

"வேணாம்தான்."

"அப்புறம்?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்க்கா. உங்க வீட்ல எல்லாரும் குடும்பங்குடும்பமாச் சிரிச்சிட்டு இருப்பாங்க. நான் என்ன பேசுவேன்? இத்தனை வருஷம் வராததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காரணத்தை நம்பித்தானே நானும் நிம்மதியாகப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

டப்பாவைத் திறந்து வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டான்.

"கும்பலோட வேணாம்டா. சும்மா ஒரு நாள் வா. எந்தக் கிழமை?"

"வரேன்க்கா."

"கிழமையச் சொல்லு."

"விடமாட்டியே நீ!" விரல்விட்டு எண்ணினான். "வியாழக்கிழமை லீவு போடறேன். பகல்ல வரேன்."

அன்றைக்கு வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன் என்று சொன்னேன்.