வயர்லெஸ் கடையும் வெளிநாட்டுக் கப்பல்களும்

ரிப்பேர் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை வந்தவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மல்லிப்பட்டினத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன் நான். சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம்; வயலைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். எதிர்த் தீவின் துறைமுகத்தில் ஒரு பெரிய நாட்டுப் போர்க்கப்பல் வந்து நின்றதிலிருந்து நம் கடற்படைக் கப்பல்களும் இந்தப் பக்கம் அடிக்கடி தென்பட்டன. "படை வந்து எறங்குனா மொதல்ல நம்ம ஊருதான்" என்று டீக்கடையில் பேச்சு. அந்த மாதங்களில் நடந்தவை இவை.

பெட்டிக்குள் ஒருவர்

ஆரோக்கியம் அண்ணன் இருபது வருஷமாகப் படகு ஓட்டுகிறவர். ஒரு காலையில் வயர்லெஸ்ஸைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். "உள்ள யாரோ பேசுறான், தம்பி. நம்ம பாஷை இல்ல."

பிரித்துப் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. கடை ஏரியலில் மாட்டியதும் எனக்கும் கேட்டது. ஒரு ஆண் குரல், நிதானமாக, எதையோ வாசிப்பது போல. காற்றில்லாத வெயில் நாளில் தூரத்துக் கப்பல் பேச்சு வழிதவறி வருவது உண்டு என்றேன். ஆனால் நம் படகுக்காரர்கள் பேசும்போது அந்தக் குரல் நின்றது. அவர்கள் முடித்ததும் தொடர்ந்தது. அரை மணி நேரம் கழித்து, வாசிப்பின் நடுவே, கோணலான உச்சரிப்பில் ஆரோக்கியம் அண்ணன் படகின் பெயர் வந்தது. அடுத்து அவர் மச்சான் படகின் பெயர். அண்ணன் கையை நீட்டிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

"இதுல கோளாறு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், தம்பி."

வயலில் நின்ற படகுகள்

ஒரு மதியம், கடலில் இருந்த மூன்று படகுகளின் ஜிபிஎஸ்ஸும் ஒரே சமயத்தில் தப்பான இடத்தைக் காட்டின. இரண்டு படகுகள் சாயும் சூரியனைப் பார்த்து மேற்கே ஓட்டிக் கரை சேர்ந்தன. ஆரோக்கியம் அண்ணனின் மச்சான் படகு வரவில்லை. ஐந்து பேர். மச்சான் மனைவி என் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம் படகு திரும்பியது. கரை தெற்கே இருக்கிறது என்று பெட்டி காட்டியதை நம்பிக் கடல் எல்லைவரை போயிருக்கிறார்கள். எதிர்க்கரைக் கடற்படை எச்சரித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

மூன்று பெட்டியிலும் பதிவான இடம் ஒன்றே. போன் மேப்பில் போட்டேன். நீடாமங்கலம் பக்கம், எங்கள் ஊருக்கு அடுத்த சம்பா வயல். அங்கிருந்து பார்த்தால் மல்லிப்பட்டினம் தெற்கேதான். தம்பியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான்.

"பயிரைத் தவிர ஒண்ணும் இல்லண்ணே. ஆனா விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து களையெடுக்க ஒருத்தரும் அந்த வயல்ல எறங்க மாட்டேங்கிறாங்க."

ஒத்திகை

கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் போலீஸ்காரர்களே மாறுவேடத்தில் கரையேறுவார்கள். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல வேண்டும். ஒத்திகை நடந்த அன்று காலை புது ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. நல்ல தமிழ். எத்தனை படகு, எந்த நாளில் கடலுக்குப் போகாது, துறைமுக நுழைவில் ஆழம் எவ்வளவு என்று கேட்டார். ஒத்திகை ஆள்தானே என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். அவர் போனதும் போலீசுக்குப் போன் செய்தேன்.

மதியம் பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்தினார்கள். முகம் முகமாகப் பார்த்தேன். என் கடைக்கு வந்தவர் இல்லை. "இன்னும் ஒருத்தர் பாக்கி சார்" என்றேன். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்.

"நாங்க அனுப்புனது ஆறு பேருங்க. ஆறு பேரும் இங்கதான் நிக்கிறாங்க."

கடலில் யார் பெரியவர் என்பதைப் பெரிய நாடுகள் முடிவு செய்துகொள்ளட்டும்; நான் இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்பவரிடம்கூட "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்.