குகனின் அந்தியேட்டி: வெம்பிளியிலிருந்து ரிச்மண்ட் ஆற்றுக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஒக்டோபர் மாதம், நான் முதன்முதலாக லண்டனுக்குப் போனேன். போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதையைப் பிறகு சொல்கிறேன். வெம்பிளியில் இருந்த ரதாக்கா என் பெரியம்மாவின் மகள். அவளுடைய தம்பி குகன் ஊரில் மினிபஸ் ஏறி வேலைக்குப் போகிறபோது கண்ணிவெடியில் செத்துப்போனான். அவனோடு பஸ்ஸில் இருந்த சனமும் செத்தது. இராணுவத்தின், எங்கள் பேச்சில் ஆமியின், ட்ரக்குக்காக எங்கள் இயக்கப் பெடியள் புதைத்த கண்ணிவெடி அது. ட்ரக்குக்கு முன்னால் மினிபஸ் வந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க டெலிபோன் எடுத்த எல்லோரும் "ஆமி செய்த வேலை" என்றார்கள். ரதாக்கா ஒவ்வொருவருக்கும் "இல்லை, எங்கட பெடியள் வைச்சது" என்று சொன்னாள். பேசாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவள் இருக்கமாட்டாள், பிறவிக் குணம். தமிழர் என்பதற்காகவே கொழும்பில் வீடு எரிக்கப்பட்டு, உடுத்த உடுப்போடு கப்பலேறிய சனம் நாங்கள். எங்களுக்காகச் சண்டை பிடிக்கப் போன பெடியளைப் பற்றி ஒரு குறை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற காலம் அது. டெலிபோன் மணி மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் அடிக்கவே இல்லையாம்.

செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. காலையில் கிரியை, மத்தியானம் தெரிந்த சனத்துக்கெல்லாம் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கு ஆள் வராவிட்டால் செத்தவனை ஊர் தள்ளிவைத்த மாதிரி. "ஒருத்தரும் வரமாட்டினம் வசந்தி. நீயாவது வா" என்று ரதாக்கா ஜெர்மனியில் இருந்த எனக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னாள். அன்றே பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன்.

கொலோனில் மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் லண்டன் விக்டோரியா. கலேயிலிருந்து கப்பலில் ஒன்றரை மணி நேரம். விடியும்போது டோவரின் வெள்ளைப் பாறைகள் மூடுபனிக்குள் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. கரை நெருங்குகிறதா, நாங்கள் நெருங்குகிறோமா என்று சொல்ல முடியவில்லை. குடிவரவு அதிகாரி என் அகதிப் பயணப் பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டி, ஏன் வந்தாய் என்று கேட்டார். சாப்பிட வந்தேன் என்று சொல்லவா முடியும்? சொந்தக்காரரைப் பார்க்க என்றேன்.

விக்டோரியாவிலிருந்து பாதாள ரயிலில் ஒரு தரிப்பு கிரீன் பார்க்குக்கு. அங்கே ஜூபிலி பாதைக்கு மாறி வெம்பிளி பார்க். எல்லாமாக முக்கால் மணி நேரம். ஒருநாள் டிக்கெட் எடுங்கள், தனித்தனியாக எடுத்து ஏமாறாதீர்கள். நான் ஏமாந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோதே வாசனை சொல்லிவிட்டது, ரதாக்கா அறுபது பேருக்குச் சமைக்கிறாள் என்று. கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பருப்பு, வடை, பாயசம். குசினியில் வைக்க இடமில்லாமல் பாத்திரங்கள் மாடிப்படியில் ஏறியிருந்தன. "ஆள் வராது எண்டு சொல்லிப்போட்டு இதென்னக்கா?" என்றேன். "வந்தாப் பத்தாமப் போகக்கூடாது" என்றாள். முப்பது நாளாக அவள் அழவில்லை என்று அவளுடைய கணவர் சிவம் அத்தான் என் காதில் சொன்னார்.

மறுநாள் காலை ஐயர் வந்து கிரியையை முடித்தார். பிண்டத்தையும் பூவையும் ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். ஊரென்றால் கீரிமலைத் தீர்த்தம், இங்கே தேம்ஸ் ஆறு. பெண்கள் கொண்டுபோவதில்லை என்று ஐயர் இழுத்தார். "என்ர தம்பி. நான்தான் கொண்டு போவன்" என்றாள் ரதாக்கா. ஐயருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது, சரி என்று போய்விட்டார். யாராவது வந்தால் வரவேற்க அத்தான் வீட்டில் நின்றார்.

மினிகாப் என்கிற வாடகைக் காருக்குச் சொன்னோம். வந்தவர் எங்கள் ஆள், கணேசண்ணை, ஐம்பது வயது இருக்கும். காரின் முன்பக்கம் சீருடையில் ஒரு பெடியனின் படம், அதற்குச் சின்னப் பிளாஸ்டிக் மாலை. இயக்கச் சீருடை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஆரண்ணை இது?" என்று ரதாக்கா பின்சீட்டில் இருந்து கேட்டாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

"என்ர மூத்தவன். செத்து ரெண்டு வருசமாச்சு."

"சண்டையிலயோ?"

"ஓம். உங்கட ஆள்?"

"தம்பி. மினிபஸ்ஸில போனவன். கண்ணிவெடி."

"ஆமிக்காரங்கள்…" என்று அவர் தொடங்கினார்.

"இல்லையண்ணை. எங்கட பெடியள் வைச்சது."

ஐயோ என்று இருந்தது எனக்கு. காரை நிறுத்தி இறங்கச் சொல்லுவார் என்றே நினைத்தேன். அவர் வீதியைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒன்பது மைல் தூரமும் அப்படித்தான். இரண்டு பக்கமும் மஞ்சள் மரங்கள் வந்து வந்து போயின. கியூ பாலத்தில் ஏறியபோது கீழே ஆறு வெளிச்சமாகக் கிடந்தது. நித்திரையில் போகிற மாதிரியே போனோம். ரதாக்கா மடியில் பிண்டச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ரிச்மண்டில் ஆறு கரையேறி வீதிக்கு வந்திருந்தது. வெள்ளம் இல்லை, மழையும் இல்லை. சத்தமே இல்லாமல் தண்ணீர் படிகளை மூடி, நடைபாதையை மூடி, மர வாங்குகளின் இருக்கை வரைக்கும் வந்து நின்றது. மனிதர் இருக்கிற இடத்தில் இரண்டு அன்னங்கள் மிதந்தன. வானம் எது, தண்ணீர் எது என்று பிரியவில்லை. அந்த வெள்ளை வெளிச்சத்தில் குகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

சேலையோடு ரதாக்கா எப்படி இறங்குவாள்? பின்னால் காற்சட்டை மடிக்கிற சத்தம். கணேசண்ணை சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்றார். "தாங்கோ தங்கச்சி" என்று கையை நீட்டினார். ரதாக்கா அவரையே பார்த்தாள். பிறகு சட்டியைக் கொடுத்தாள். அவர் குனிந்து, பிண்டத்தைக் கரைத்து, பூவைக் கையால் மெதுவாகத் தள்ளிவிட்டார்.

பூ கடல் பக்கம் போகவில்லை. பாலத்துக்கு அடியால், ஆறு வருகிற திசைக்கே ஏறிப் போனது. "அண்ணை, ஆறு பின்னுக்கு ஓடுது! அவன் போகமாட்டன் எண்டுறான்!" என்று ரதாக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கடல்தண்ணி ஏறுற நேரம் பிள்ளை. கொஞ்சத்தால திரும்பும், பூவும் கடலுக்குப் போகும்" என்றார் அவர். "நானும் இப்பிடித்தான் பயந்தனான். என்ர பெடியன்ர உடம்பும் வரேல்லை. இஞ்சை வந்துதான் பூ விட்டனான்."

வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. முன்னறையில் வெள்ளைத் துணி விரித்தபடி, அத்தான் தனியே. ஒரு குருவிகூட வந்திருக்கவில்லை. கணேசண்ணை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், பாத்திரங்களைப் பார்த்தார். "இண்டைக்கு வேற ஓட்டம் இல்லை" என்றார். கால் கழுவிக்கொண்டு வந்து நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தார். ரதாக்கா வாழையிலை போட்டாள்.

அவர் இரண்டாம் முறை சோறு வாங்கும்போது கதவு மணி அடித்தது. எதிர்வீட்டு மனிதரும் மனைவியும். பிறகு அடுத்த தெருக்காரர், பிறகு அத்தானோடு வேலை செய்கிற இரண்டு பேர். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருவருக்கும் ரதாக்காமேல் கோபம் இல்லை, முதலாவதாகப் போகத்தான் பயம். மாவீரனின் தகப்பன் என்று ஊரே மதிக்கிற மனிதரின் கார் வாசலில் நின்றதும் பயம் விட்டுப்போனது. எனக்கு எல்லோர்மேலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது, ஆனாலும் ஓடி ஓடிப் பரிமாறினேன்.

எதிர்வீட்டுக்காரர் குகனின் படத்தைப் பார்த்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "என்ன செய்யிறது, ஆமிக்காரங்கள் சும்மா விடுவாங்களே" என்றார். ரதாக்கா வாயைத் திறந்தாள்.

அவளுக்கு முன்னால் கணேசண்ணை பேசினார். கை சோற்றில் இருந்தபடி, தலையை நிமிர்த்தாமல்.

"ஆமி இல்லைத் தம்பி. எங்கட பெடியள் வைச்சது. இந்தப் பிள்ளையின்ர தம்பி அதிலதான் செத்தவன்."

ரதாக்கா பருப்பு வாளியோடு அப்படியே சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தாள். முப்பத்தொரு நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. "என்ர குஞ்சு, என்ர குகன்" என்று அவள் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். பெண்கள் எழும்பிப் போய் அவளைக் கட்டிப் பிடித்தார்கள். நானும் நன்றாக அழுதேன்.

சரி, இனிப் போகிறவர்களுக்கு. வெம்பிளி சென்ட்ரலில் ஏறி வில்ஸ்டன் ஜங்ஷனில் மாறினால் ரிச்மண்டுக்கு ரயிலிலேயே போகலாம், முக்கால் மணி நேரம் போதும். ஆற்றங்கரையில் காரை விடுமுன் கடலேற்ற நேரம் பாருங்கள், தண்ணீர் சொல்லாமல் வரும். ஒக்டோபரில் மரங்கள் மஞ்சளாக இருக்கும்போது போவதுதான் அழகு, தடித்த மேற்சட்டை அவசியம்.

அந்த ஊரிலோ வேறு ஊரிலோ, உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்திருந்தால், யார் கொன்றது என்று கேட்டுத் தெரிந்த பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள். வாசலில் வேறு யாருடைய காராவது நிற்கிறதா என்றும் பார்க்காதீர்கள். உள்ளே ஒருத்தி அறுபது பேருக்குச் சமைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பாள்.