இரண்டாவது பத்திரிகை யாருக்கு

என் வீட்டுக்காரர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டுகள் வந்து இறங்கிய காலை, குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்து நின்று அறிவித்தார். முதல் பத்திரிகை சாமிக்கு. இரண்டாவது, போன கோடையில் தன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்தப் புண்ணியவானுக்கு. அந்த இரண்டையும் வைக்காமல் சொந்தக்காரர் வீட்டு வாசல் ஒன்றிலும் தாம்பாளத்தோடு ஏறக்கூடாது.

"அந்த ஆளு யாருன்னே தெரியாதேப்பா" என்றாள் மகள்.

"கண்டுபுடிப்போம்."

சிங்கப்பெருமாள் கோயிலில் பெயின்ட்டும் ஆணியும் விற்கிற கடை வைத்திருப்பவர் இவர். பூட்டுச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர். கண்டுபிடிப்பாராம்.

போன கோடையில் நடந்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க, யாருக்கும் தெரியாமல் மாமல்லபுரத்துக்கு வண்டியில் போனார். சாப்பிடாமல் போனார், தொப்பிகூட இல்லாமல் போனார். கத்திரி வெயில். திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம், சர்க்கரை இறங்கிச் சாலையோரம் சாய்ந்துவிட்டார். யாரோ தூக்கி ஒரு லோடு வேனில் சாக்கின் மேல் படுக்கவைத்திருக்கிறார்கள். கண்ணை மூடி ஈரத்துண்டு போட்டிருக்கிறார்கள். செங்கல்பட்டு வரைக்கும் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இவர் அரை மயக்கத்தில் "யாருங்க, யாருங்க" என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். பதிலுக்கு ஒரு 'உம்' கூட வரவில்லை.

"ஆம்பளையா பொம்பளையா, அதையாவது சொல்லுங்க" என்று அப்போதே கேட்டேன்.

"மயக்கத்துல கீறவன் இன்னாத்த பாப்பான்? மீன் வாட அடிச்சுது. அவ்ளோதான்."

எனக்கு இவருடைய போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது முன்பின் தெரியாத ஒரு பெண் குரல், கரகரவென்று. "உங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கீறாரு, பயப்படாத வாம்மா." நான் அடித்துப் பிடித்து ஓடியபோது இவர் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு படுத்திருந்தார். கூட ஒருத்தரும் இல்லை.

பிழைத்து வந்ததிலிருந்து கடைக்கு ஆணி வாங்க வந்தவரிடம்கூட இந்தக் கதையைச் சொன்னார். கதை ஊருக்குள் போய்ப் பெருத்துவிட்டது. பேசாத புண்ணியவான் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். காணாமல் போன ஆடு தானாக வீடு திரும்பினால் அது பேசாத புண்ணியவான் வேலை. பஸ் நிறுத்தத்தில் சாய்ந்திருந்த பலகை நிமிர்ந்து நின்றால் அதுவும் அவர்தான். தெருக்குழாயில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தண்ணீர் வந்ததையும் அவர் கணக்கிலேயே எழுதினார்கள்.

அறிவிப்பு முடிந்ததும் மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப மாமல்லபுரம் அத்தைக்கு?"

இவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

அத்தை என்றால் இவருடைய அக்கா. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில், 'நல்வரவை விரும்பும்' என்று போடுகிற இடத்தில், அவள் புருஷன் பெயர் விட்டுப்போயிற்று. அச்சகத்துக்காரன் தப்பு என்றார் இவர். ப்ரூஃப் பார்த்தது யாரு என்றாள் அவள். அன்றைக்கு நின்றதுதான். இப்போது வந்திறங்கிய கட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. இந்த முறை தெரிந்தே விட்டிருந்தார். இவர்களோடு சேர்ந்து நானும் பேசாமல் போனேனே, அதுதான் எனக்கு ஆற்றாமை. அவளை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியோடு துணிக்கடைக்குப் போனால் ஒரு ஜாக்கெட் பிட் வாங்க அரை நாள் சிரிப்போம். அப்படிச் சிரிக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

சரி, தேடல் ஆரம்பித்தது. மகள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். பேசாமல் உதவி செய்தவர், லோடு வேன், மீன் வாடை. உடனே ஆளாளுக்குத் துப்பு கொடுத்தார்கள். பேசவில்லை என்றால் தமிழ் தெரியாதவராகத்தான் இருக்கவேண்டும் என்று ஒருவர் தீர்ப்பே எழுதினார். பக்கத்துத் தெரு லைன் வீட்டில் ஒடிசாக்காரர் ஒருவர் இருக்கிறார், மீன் கம்பெனி வண்டியில் போகிறவர், அவர்தான் என்றார்.

நாங்கள் செய்த முட்டாள்தனம், விசாரிக்கப் போகும்போதே தாம்பாளத்தோடு போனதுதான். வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. இவர் கையாலேயே நடந்ததை நடித்துக் காட்டினார். மயங்கி விழுந்தும் காட்டினார். அந்த மனிதர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இல்லை, நானில்லை என்று தலையாட்டினார். ஆனால் நீட்டிய தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருவது எப்படி? கொடுத்தோம். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அறையில் இருக்கும் எல்லோரையும் சேர்த்துக் கூட்டிவருவதாகச் சைகை செய்தார். (வந்தார்கள். எங்கள் கல்யாணத்தில் ஆடியது அவர்கள் மட்டும்தான்.)

அடுத்து மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறைக்காரர். எப்போதும் வாயில் துணி கட்டியிருப்பார், வாயே திறக்கமாட்டார் என்று துப்பு. தாம்பாளத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தி, துணியை அவிழ்த்தார். அவ்வளவுதான். கல் விலை, கரண்ட் பில், மச்சினன் செய்த துரோகம் என்று மூச்சு விடாமல் பேசினார். கல்தூசிக்காகக் கட்டிய துணி அது. ஊர் நன்மைக்காகவும் என்று மகள் என் காதில் சொன்னாள். அவருக்கும் பத்திரிகை வைத்தோம்.

மூன்றாவது, அதே ஊரில் மாதக்கணக்காகத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா. கும்பிட்டு வாங்கிக்கொண்டு, பழத்தை உரித்துச் சாப்பிட்டு, வெற்றிலையையும் மென்று தின்றுவிட்டார். அவரும் வருகிறேன் என்றார்.

எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் எரிச்சல். முகூர்த்தம் நெருங்குகிறது. சொந்தக்காரர்கள் போன் போட்டு, "இன்னாம்மா, எங்கள மறந்துட்டீங்களா?" என்று குத்துகிறார்கள். இவரோ ஒற்றைக்காலில் நிற்கிறார். "அந்த ஆளு இல்லன்னா எம்பொண்ணு கல்யாணத்துல நான் போட்டோவாதான் இருந்திருப்பேன்" என்று சொன்னபோது குரல் உடைந்தது. அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை.

அலைந்த அலைச்சலில் இவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. பரிசோதனைக்கு அதே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் வண்டியை நிறுத்தப் போனவரைப் பார்த்து ஒரு குரல்.

"யோவ் அண்ணாத்த, எங்க வுடுற வண்டிய? ஆம்புலன்ஸு உன் தல மேல ஏறியா போவும்?"

நான் சட்டென்று திரும்பினேன். அதே கரகரப்பு. 'பயப்படாத வாம்மா' என்ற குரல். காவலுக்கு நின்ற பெண். நாங்கள் முன்பு வந்து விசாரித்தபோதெல்லாம் பின்பக்கக் கேட்டில் டூட்டி பார்த்திருக்கிறாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னதும் அவளுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "மறக்கிற கேஸா அது? நான்தாம்மா போன் போட்டேன். அந்தம்மா போன எங்கைல குடுத்து, நீயே பேசுன்னுச்சு."

"அம்மாவா? அவங்களுக்குத் தமிழ் வராதா?"

"நல்லா கேட்ட போ! கூட வந்த ஆளு வண்டிய ஓரங்கட்டறதுக்குள்ள ஆஸ்பத்திரியவே ரெண்டாக்கிடுச்சு அந்தம்மா. நர்ஸு, டாக்டரு, என்னிய, ஒருத்தரயும் வுடல. ஆனா ஒண்ணு. இவராண்ட மட்டும் ஒரு வார்த்த பேசல. தண்ணி குடுத்துகினே என்னப் பாத்து, 'இன்னும் வேணுமான்னு அந்தாளக் கேளு'ன்னுது. பக்கத்துல நின்னுகினு கீறது அது, நான் கேக்கணுமாம்! எனக்கே பேஜாரா பூட்ச்சு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். உலகத்தில் எல்லோரிடமும் பேசிவிட்டு இவரிடம் மட்டும் பேசாத மனுஷி எத்தனை பேர் இருக்க முடியும்?

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது சிரிப்புத் தண்ணீரா வேறா என்று எனக்கே தெரியவில்லை. இவர் வாயைத் திறந்தபடி நின்றார். "அக்கா" என்றார்.

அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போனார். நல்ல வேளை, சாமிக்கு வைத்ததைத் தவிர பழைய கட்டிலிருந்து வெளியே போனது அந்த மூன்று பத்திரிகைகள்தான். எல்லாவற்றையும் புதிதாக அடிக்கச் சொன்னார். இந்த முறை ப்ரூஃபை இவரே விரல் வைத்துப் படித்தார்.

புதுப் பத்திரிகையோடு மூவரும் மாமல்லபுரம் போனோம். வீட்டு வாசலில் ஒரு லோடு வேன் நின்றது, மீன் பெட்டிகளோடு. அண்ணியின் புருஷன் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். கொத்தனார் வேலையை விட்டு வேன் வாங்கியிருக்கிறார், அதுகூட எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பார்த்துப் பைப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார். அண்ணி வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். என் மகளைப் பார்த்து, "வந்தவங்களுக்கு இன்னா வேணுமாம், கேளு" என்றாள்.

"பத்திரிக வெக்க வந்துக்கீறோம்னு சொல்லு" என்றார் இவர் என்னிடம்.

"எனக்குத் தொண்ட கட்டிகிச்சு. நீங்களே சொல்லிக்கோங்க" என்றேன்.

இவர் தாம்பாளத்தை நீட்டினார். தட்டு சாய்ந்து எலுமிச்சம்பழம் உருண்டது. அண்ணி அதைப் பிடித்து மறுபடி தட்டில் வைத்தாள். பத்திரிகையைப் பிரித்தாள். மணமகள், மணமகன், முகூர்த்தம் எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கீழே போனாள். 'நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே முதல் பெயர் அவள் புருஷனுடையது, இரண்டாவது அவளுடையது. அதை ரொம்ப நேரம் படித்தாள்.

பிறகு பத்திரிகையை மடித்து, தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அறிவு கீதாடா உனக்கு? அந்த வெயில்ல எவனாவது வெறுந்தலயோட வண்டி ஓட்டுவானா? நாஸ்தா துன்னாம எங்கடா கிளம்பின? ரோட்டுல வியுந்து கெடக்கறியே, நான் அந்தப் பக்கம் வராங்காட்டி இன்னாடா ஆயிருக்கும்? கால் ரெண்டும் ஐஸு மாரி கீது, யாருங்க யாருங்கன்னு கேக்கறியேடா பாவி!"

அன்று செங்கல்பட்டு வரைக்கும் வாயை இறுக்கிக்கொண்டு அவள் சேர்த்து வைத்த அத்தனையும் அப்படியே வந்தது. இவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அழுதுகொண்டும் இருந்தார்.

"ஏங்க்கா எங்களுக்குச் சொல்லல? ஊரெல்லாம் தேடுனோமே" என்றார்.

"பாத்துகினுதான் இருந்தேன். வெள்ளக்காரிக்கு எல்லாம் வெச்ச. சொன்னா உங்கிட்ட பேசணுமே, அதான் சொல்லல."

வேன் பக்கமிருந்து அண்ணியின் புருஷன் வெடித்துச் சிரித்தார். அவர் சிரிக்க, நான் சிரிக்க, மகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி மட்டும் முறைத்தபடி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இவர் அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

"இன்னும் வேணுமாடா?" என்றாள், வேறு யாரையும் பார்க்காமல், தம்பியைப் பார்த்து.

இவர் சொம்பை நீட்டினார்.