தேர் திரும்பும் முனை

எங்கள் ஊர் மாதா கோயில் தேர் நிற்கும் கொட்டகை, என் தாத்தா எழுதிக்கொடுத்த இடத்தில் இருக்கிறது. அவரிடம் இருந்ததே அந்தத் துண்டு நிலம்தான். கோயிலுக்குக் கொடுத்தால் ஊரில் மதிப்பு வரும் என்று நம்பியிருப்பார், பாவம். தோட்டந்துரவு உள்ளவர்களின் மேல்தெருவைத் தேர் முழுக்கச் சுற்றும். கூலிக்குப் போகிற நாங்கள் குடியிருக்கும் தெருமுனைக்கு வந்ததும் திரும்பிவிடும். பூசையில் எல்லோரும் ஒன்றாகத்தான் முழங்கால் போடுவோம். வித்தியாசமெல்லாம் தேருக்குத்தான்.

அம்மா நடமாடியவரை உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு முனைக்கே போய், தேர்மேல் போட்டு வேண்டிக்கொண்டு வருவாள். ஒரு வருடம் இடுப்பு விழுந்து படுத்துவிட்டாள். "ஒரே ஒரு தடவ நம்ம வாசல்ல மாதாவப் பாத்துட்டாப் போதும்" என்பாள். வேறெதையும் அவள் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா திருவிழா கமிட்டித் தலைவரிடம் போனார். நானும் கூடப் போனேன். அப்பா வேலைக்குப் போகும் மரவள்ளித் தோட்டமே அவருடையதுதான். தலைவர் கோபப்படவில்லை.

"எங்களுக்கென்னப்பா? உங்க தெரு குறுக்கலா இருக்குது. உன் வூட்டு முன்சுவருல முட்டும். தேரு எப்படி உள்ள வரும், சொல்லு?"

வெறும் சாக்கு என்று எனக்குத் தெரிந்தது. அப்பா அதை அப்படியே நம்பினார். அடுத்த வாரமே வீட்டின் முன்னறையை இடித்தார். எதிர்வீட்டுக்காரரும் தன் படிக்கட்டைப் பெயர்த்துக் கொடுத்தார். எங்களுக்கு மிஞ்சியது ஓர் அறையும் அடுப்படியும். தலைவர் பைக்கில் வந்து பார்த்து, "பரவால்லியே, லாரியே போவும்போல" என்றார். அன்றைக்கு முழுக்க அப்பா சிரித்த முகமாக இருந்தார்.

திருவிழா அன்று கட்டிலைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப்போட்டு, அம்மாவுக்குப் புதுச்சேலை கட்டிச் சாய்த்து உட்காரவைத்தேன். கைப்பிடி உப்பும் மிளகும் வைத்திருந்தாள். பேண்டு சத்தம் முனைவரை வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே கேட்டது. பிறகு மேல்தெருப் பக்கமாகத் தேய்ந்துபோனது.

"திரும்பிட்டாங்களா?" என்றாள்.

"கூட்டம் ஜாஸ்தி. வர்ற வருசம் வந்துரும்" என்றார் அப்பா. அவள் விரல்களை நான் பிரித்தபோது உப்பு வியர்வையில் பாதி கரைந்திருந்தது. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு அவள் இருக்கவில்லை. எங்கள் தெருவில் யார் செத்தாலும் முனைவரை தோளில் தூக்கிக்கொண்டு போய்த்தான் கோயிலின் சவ வண்டியில் ஏற்றுவோம். தெரு குறுகல் என்பதால் வண்டி உள்ளே வந்ததே இல்லை. அன்றைக்கு அது முனையில் நிற்காமல் நேரே வந்தது. முன்னறை இருந்த இடத்தில் ஒரே வளைப்பில் திரும்பி, வாசலை ஒட்டி நின்றது.

அப்பா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாராளமா வருதே" என்றார்.